ஓட்டுநர் உரிமமும் தாய்மொழி உரிமையும்



தமிழ் எங்கெங்கே வாழவேண்டும் என்று கேட்டால், பள்ளியில், கோயிலில், அலுவலகத்தில், நயன்மன்றத்தில் என நம்மவர் விரல்மடித்து எண்ணுவர். சரக்குந்தின் ஓட்டுநர் இருக்கையிலும் வாழவேண்டும் என்று ஒரு விரலை மடிப்பார் எவரையும் யாம் இதுவரை கண்டிலேம். பிற வட்டாரத்தார் இதனை மறந்திருக்கலாம். கொங்கு நாட்டார் மறந்திருப்பது பொருந்தாது.

என்னை? மக்கள் 'லாரி' என வழங்கும் சரக்குந்து இம்மண்ணில் ஏருக்கு அடுத்த ஏராக நிற்கிறது. மழை பொய்த்த மேட்டுக்காட்டுக் குடிகள் பலவற்றுக்குச் சோறிட்டது அதுவே. நாமக்கல்லின் பட்டறைகளில் கூடு கட்டப்பெற்ற சரக்குந்துகள் இந்தியா எங்கும் ஓடுகின்றன. திருச்செங்கோட்டினின்று புறப்படும் ஆழ்துளைக் கிணற்றுப் பொறியுந்துகள் வடபுலத்துப் பாறைகளையும் துளைக்கின்றன. சமையல் எரிவளி ஏற்றும் தொட்டியுந்துகளுக்கு நாமக்கல் ஒரு தாயூர். சங்ககிரியில் சரக்குந்தோடு தொடர்பில்லாத வீட்டைத் தேடித்தான் காணவேண்டும். கோவையின் எக்கிகளும், திருப்பூரின் பின்னலாடைகளும், ஈரோட்டு மஞ்சளும், நாமக்கல் முட்டையும் ஓர் ஓட்டுநரின் உறங்காத கண்களை நம்பியே ஊர்விட்டு ஊர் போகின்றன. அவ்வோட்டுநர் பேசுவதும், கனவு காண்பதும், இடர் வந்தவிடத்து அலறுவதும் தமிழிலேயே. ஆனால், அவர்தம் தொழிலுக்கும் உயிருக்கும் கணக்கெழுதும் தாள்கள் அவருக்குத் தெரியாத மொழியில் இருக்கின்றன. இக்கட்டுரை சொல்லவரும் செய்தி இஃதொன்றே.

கடந்த கோடையில் சங்ககிரிக்கு அண்மையிலுள்ள சிற்றூரினின்று இளைஞர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அகவை இருபத்திரண்டு. நான்காண்டுகள் 'கிளீனர்' எனப்படும் உதவியாளராக வடக்கும் கிழக்கும் சுற்றியவர். அப்போதுதான் கனச் சரக்குந்து உரிமம் பெற்று, முதன்முதலாக ஓரிடத்தில் ஓட்டுநராகச் சேர்ந்திருந்தார். அவர் கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு தாள்கள் இருந்தன.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமுங்க ஐயா. இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குதுன்னுதான் தெரியலீங்க. கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போடச் சொன்னாருங்க, போட்டுட்டனுங்க" என்றார்.

படித்தோம். மிகைச்சுமை ஏற்றியதற்காக விதிக்கப்பெறும் தண்டத்தொகை எதுவாயினும் ஓட்டுநர் சம்பளத்தினின்று பிடிக்கப்படும் என்று ஒரு கூறு இருந்தது. சரக்குக்கு நேரும் இழப்பு அனைத்துக்கும், கரணியம் எதுவாயினும், ஓட்டுநரே பொறுப்பு என்று மற்றொரு கூறு இருந்தது. எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்வது ஓட்டுநரா? இல்லை. 2019 திருத்தத்திற்குப் பின்னர் மிகைச்சுமைக்குத் தண்டம் 20,000 உருபா. அதன்மேல் மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 உருபா. மூன்று டன் மிகையாயின் 26,000 உருபா. மேலும், மிகைச்சுமையோடு ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட விடுபவரையும் சேர்த்தே சட்டம் சுட்டுகிறது. சட்டம் இருவர்மேல் வைத்த சுமையை, அத்தாள் ஒருவர் தலைமேல் முழுதும் ஏற்றிவிட்டது. அதற்கு அவரே ஒப்பமும் இட்டுவிட்டார்.

அவரையும் அழைத்துக்கொண்டு முதலாளியிடம் சென்றோம். முதலாளி எனில் பெருஞ்செல்வர் அல்லர். ஒருகாலத்தில் தாமும் உதவியாளராய் இருந்து ஓட்டுநராகி, கடன்பட்டு ஒரு வண்டி வாங்கி, இன்று மூன்று வண்டிகளுக்கு உரிமையாளர் ஆனவர். அக்கூறுகளைத் தமிழில் படித்துக் காட்டினோம். "அட, இப்படியா எழுதியிருக்குதுங்க? நானும் படிச்சதில்லீங்க. ஆடிட்டர் ஆபீசுல அடிச்சுக் குடுத்ததுங்க" என்றார். அவர் நடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்று மாலையே அரைத்தாளில் தமிழில் வேறோர் உடன்படிக்கை எழுதப்பெற்றது. சம்பளம் இவ்வளவு, படி இவ்வளவு, ஓய்வு இவ்வளவு, ஏற்றும் எடைக்கு உரிமையாளர் பொறுப்பு, ஓட்டும் முறைக்கு ஓட்டுநர் பொறுப்பு என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டனர். அதற்கு அரைமணி நேரமே ஆயிற்று.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். இருவரும் தமிழர். ஒரே வட்டாரத்தார். ஒரே தொழிலில் ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்தவர்கள். இருவருக்கும் இடையில் இருவரும் அறியாத ஒரு மொழி நடுவராக வந்து அமர்ந்து, ஒருவரை மற்றவருக்கு அடிமையாக்கி எழுதிவிட்டது. இதைச் செய்தவர் தில்லியாரும் அல்லர், வெள்ளையரும் அல்லர். 'தாள் என்றால் ஆங்கிலத்தில்தான் இருக்கும்' என்னும் நம் அடிமை மனப்பான்மையே இதனைச் செய்தது.

இனி, இத்தொழிலுக்கு அணியமாகும் இளைஞர் ஏறவேண்டிய படிகளைப் பார்ப்போம். மோட்டார் ஊர்திச் சட்டம் 1988-இல் இயற்றப்பெற்று, 1989 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 18 அகவை நிரம்பியவர் மகிழுந்து முதலிய சிற்றூர்திக்கு உரிமம் பெறலாம். போக்குவரத்து ஊர்தி ஓட்ட 20 அகவை நிரம்பவேண்டும். அதற்கான கற்போர் உரிமம் கேட்பதற்கு முன், சிற்றூர்தி உரிமம் பெற்று ஓராண்டேனும் கழிந்திருக்கவேண்டும். சுமையொடு சேர்ந்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்குந்தைச் சிற்றூர்தி உரிமத்தைக்கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நயன்மன்றம் 2017-இல் கூறியது. 2024 நவம்பரில் ஐவர் ஆயமும் அதனை உறுதி செய்தது. அவ்வெடைக்கு மேற்பட்டால் அதற்குரிய தனி உரிமம் வேண்டும். 12,000 கிலோவைக் கடந்தது கனச் சரக்குந்து. மருத்துவர் சான்று வேண்டும், பயிற்சிப் பள்ளியின் சான்று வேண்டும், ஓட்டிக் காட்டவேண்டும். பெற்ற உரிமம் ஐந்தாண்டுகள் செல்லும். 2019 திருத்தத்திற்கு முன் மூன்றாண்டுகளே சென்றது.

பயிற்சிப் பள்ளிக்கு விதி வகுத்துள்ள அளவு என்ன? போக்குவரத்து ஊர்திக்கு முப்பது நாள். அதில் மெய்யாகச் சக்கரம் பிடித்து ஓட்டும் நேரம் பதினைந்து மணிக்குக் குறையலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2003-ஆம் ஆண்டு ஆணைப்படி, வகுப்பில் அமர்ந்து கற்கும் வழியை மேற்கொள்ளும் சரக்குந்து ஓட்டுநருக்கு 280 மணிநேரப் பயிற்சி உண்டு. சுருக்க வழியில் 140 மணி. தொழிலில் இருப்பவரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி மீண்டும் கற்கவேண்டும். இங்கே அந்தப் பதினைந்து மணியையேனும் முழுதும் கற்பிக்கும் பள்ளிகளும் உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு சான்றை மட்டும் கொடுக்கும் பள்ளிகளும் உண்டு என்பதை ஊரறியும். கையூட்டால் வாங்கிய உரிமம் காவலரை ஏமாற்றலாம். இறக்கத்தில் பிடிபடாத தடையை அது ஏமாற்றாது.

நம் நாட்டில் மெய்யான ஓட்டுநர் பள்ளியாக இருந்தது உதவியாளர் வேலையே. ஓட்டுநரை அண்ணன் என்றும் மாமா என்றும் அழைத்துக்கொண்டு, தார்ப்பாய் கட்டி, கயிறு இறுக்கி, சக்கரத்துக்கு அடைக்கட்டை வைத்து, மூன்று நான்கு ஆண்டுகளில் தொழிலை உடம்பில் ஏற்றிக்கொண்டவர்களே கொங்கு நாட்டின் தேர்ந்த ஓட்டுநர்கள். கலங்கலிற் பிறந்த கோ. துரைசாமி நாயுடு, இளமையில் ஒரு மோட்டார் மிதிவண்டியை அக்கக்காகப் பிரித்துப் பூட்டித் தாமே பொறியறிவு பெற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித்தான் அவர் தம் தொழிலைத் தொடங்கினார். கைப்பட்டறிவே நம் வட்டாரத்தின் கல்லூரி. ஆனால், இக்கால் பல வண்டிகளில் உதவியாளரே இல்லை. கூலி மிச்சமென்று ஓட்டுநரைத் தனியே அனுப்புகின்றனர். பழைய பள்ளி மூடிக்கொண்டிருக்கிறது. புதிய பள்ளியோ பதினைந்து மணியில் முடிகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டு நிறுவனம் 1990-களில் தொடங்கிய ஓட்டுநர் பயிற்சி நிலையம் போன்றவை கைவிரல்விட்டு எண்ணத்தக்கன. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு நூலேனும் அவ்விளைஞர் கையில் இருக்கவேண்டும். அது அவர் படித்துணரும் மொழியில் இருக்கவேண்டும்.

முன்னர்ப் போக்குவரத்து ஊர்தி ஓட்டுவோருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று நடுவணரசின் விதி இருந்தது. 2019-இல் அதனை நீக்கினர். ஏறத்தாழ 22 இலக்கம் ஓட்டுநர் பற்றாக்குறை உள்ளதென அப்போது நடுவணரசே கூறியது. பள்ளி செல்ல வாய்ப்பற்ற ஏழைக்குத் தொழிற்கதவு திறந்தது நன்றே. யாம் அதனை எதிர்க்கவில்லை. ஆனால், கதவைத் திறந்தவர்கள் உள்ளே விளக்கேற்றினார்களா? எட்டாம் வகுப்பும் எட்டாதவர் வரலாம் என்றால், அவருக்குரிய விதிகளும் எச்சரிக்கைகளும் உடன்படிக்கைகளும் எழுத்துக்கூட்டியேனும் அவர் படிக்கத்தக்க தாய்மொழியில் இருந்தாகவேண்டும் என்பது முன்னினும் பன்மடங்கு கட்டாயமாகிறது. இதனை ஆட்சியாளர் எண்ணினாரல்லர்.

இடர்தரும் பொருள்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்க்குரிய விதியைப் பாருங்கள். 1989-ஆம் ஆண்டு நடுவண் மோட்டார் ஊர்தி விதிகளில் ஒன்பதாம் விதி அது. அவர் தனிப்பயிற்சி பெற்றுச் சான்று வைத்திருக்கவேண்டும் என்கிறது. மிகச் சரி. அரசமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள மொழிகளுள் ஒன்றேனும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்கிறது. அதுவும் சரி. அதோடு நிறுத்தாமல், ஆங்கிலமும் தெரிந்திருக்கவேண்டும் என்கிறது. ஏன்? எரிவளித் தொட்டியுந்தின் பின்புறத்தில் 1075 என்னும் எண்ணும், பெட்ரோல் தொட்டியில் 1203 என்னும் எண்ணும் உலகெங்கும் ஒன்றே. அவ்வெண்ணுக்கு மொழி இல்லை. மொழி வேண்டுவது, கசிவு நேர்ந்தால் என்ன செய்வது, காற்று எத்திசையில் வீசுகிறது எனப் பார்ப்பது, மக்களை எவ்வளவு தொலைவு விலக்குவது என்னும் அறிவுரைக்கே. தொட்டி கவிழ்ந்து வளி சீறும் அந்த நொடியில், நாமக்கல் ஓட்டுநர் அகரமுதலியைப் புரட்டிக்கொண்டிருக்க முடியுமா? அவ்வறிவுரைத்தாள் ஓட்டுநர் அறையில் தமிழில் தொங்குவது அவருக்கு மட்டும் காப்பன்று. அவ்வழியில் குடியிருக்கும் ஊராருக்கும் காப்பு.

மக்கள் 'விபத்து' எனும் தீநேர்ச்சியில் ஓட்டுநர் என்ன செய்யவேண்டும்? மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. காயமுற்றவர்க்கு மருத்துவ உதவி கிடைக்க வழிசெய்யவேண்டும். ஆனால், கூடிய கூட்டத்தின் சினத்தால் அங்கே நிற்க இயலாத நிலை உண்டாகலாம் என்பதையும் அச்சட்டமே ஒப்புக்கொள்கிறது. அந்நிலையில் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு விரைந்து சென்று, எவ்வாறாயினும் 24 மணிநேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அறிவிக்கவேண்டும். இவ்வளவும் தம்மைக் காக்கும் சட்டத்திலேயே இருக்கிறது என்று எத்தனை ஓட்டுநர் அறிவர்? அறியாமையால் வண்டியை விட்டுவிட்டு ஓடுகின்றனர். ஓடியதே குற்றமாகி நிற்கிறது.

பழைய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் இயற்றி, 2024 சூலையில் நடைமுறைப்படுத்திய சட்டத்தின் பெயர் 'பாரதீய நியாய சன்கிதா'. ஆங்கிலப் படியிலும் அதே சமற்கிருதப் பெயர். ஓட்டுநர் தீநேர்ச்சியில் ஒருவரை இறக்கச் செய்துவிட்டு, காவலர்க்கோ நடுவர்க்கோ தெரிவிக்காமல் ஓடினால், பத்தாண்டு வரை சிறை என்று அதன் 106-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கூறுகிறது. 2024 சனவரியில் வடநாட்டில் ஓட்டுநர் பெருந்திரளாக வேலையை நிறுத்தினர். அதன்பின் அவ்வுட்பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் ஒதுக்கிவைத்தனர். தம்மைப் பத்தாண்டு சிறையில் வைக்கவல்ல சட்டத்தின் பெயரையே திருத்தமாகச் சொல்லவியலாத நிலையில் நம் ஓட்டுநர் இருக்கிறார். உரிமம் வழங்கும் கணினித் தளத்தின் பெயர் 'சாரதி'. ஊர்திப் பதிவுத் தளத்தின் பெயர் 'வாகன்'. 2017-இல் வேலூர், கிருட்டிணகிரிப் பகுதி நெடுஞ்சாலைகளின் தொலைவுக்கற்களில் ஆங்கிலத்தை அழித்து இந்தியை எழுதினர். தமிழ்நாடு கொதித்தது. கல்லில் எழுதியதைக் கண்டோம், கொதித்தோம். ஓட்டுநரின் சட்டைப்பையில் உள்ள தாளில் எழுதியதை இன்னும் நாம் காணவில்லை.

ஈண்டு ஒருவர் கேட்கலாம்: "கொங்கு ஓட்டுநர் குசராத்துக்கும் ஒடிசாவுக்கும் போகிறார். அங்கே தமிழ் உதவுமா? ஆங்கிலமும் இந்தியும் கற்பதுதானே பிழைப்புக்கு வழி?" கற்கட்டும். யாம் தடுக்கவில்லை. நம் ஓட்டுநர்கள் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் சாலையோரக் கடைகளிலேயே கற்றுக்கொண்டவர்கள். எவரும் அவர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை, எவரும் கட்டாயப்படுத்தவுமில்லை. ஒருமொழியைப் பிழைப்புக்காக விரும்பிக் கற்பது வேறு. அறியாத மொழியில் தேர்வு வைத்து, அறியாத மொழியில் கட்டி, அறியாத மொழியில் ஒறுப்பது வேறு. முன்னது அறிவு, பின்னது அடிமைத்தனம்.

பிற நாட்டார் என்ன செய்கின்றனர்? ஏறத்தாழப் பதின்மூன்று இலக்கம் மக்களே வாழும் எசுத்தோனியாவில் ஓட்டுநர் தேர்வை எசுத்தோனிய மொழியில் எழுதலாம். அம்மக்கள்தொகை நம் கோவை மாவட்டத்தில் பாதிகூட இல்லை. அமெரிக்க ஒன்றியத்தில் வணிக ஊர்தி ஓட்டுவோர் ஆங்கிலம் பேசவும் படிக்கவும் அறிந்திருக்கவேண்டும் என்பது நெடுநாளைய விதி. 2025 சூன் முதல், அதில் தவறியோரைச் சாலையிலேயே பணியினின்று நிறுத்துகின்றனர். பிழைக்கப்போன ஏழைகளை வாட்டும் அக்கடுமையை யாம் போற்றவில்லை. ஆயினும் ஒன்றை நோக்குக. அவர்கள் தம் மண்ணில் தம் மொழியைக் கட்டாயமாக்குகின்றனர். நாமோ நம் மண்ணில் நம்மவர்க்கே பிறமொழியைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறோம். 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் செய்த நாடு இது!

அரசை மட்டும் குறைகூறி அமைதல் நேர்மையன்று. கற்போர் உரிமத்துக்கான கணினித் தேர்வைத் தமிழ்நாட்டில் தமிழிலேயே எழுதலாம். அவ்வாய்ப்பு இருக்கிறது. ஆனால், விண்ணப்பத்தை நிரப்பும் கடைக்காரர் வழக்கத்தால் ஆங்கிலத்தை அழுத்திவிடுகிறார். இளைஞரும் வாய்திறவாமல் இருந்துவிடுகிறார். பின்னர் வினாவை விளங்கிக்கொள்ளாமல் ஏதோ ஒரு விடையை அழுத்துகிறார். மேற்சொன்ன சங்ககிரி இளைஞரும் அவ்வாறே முதன்முறை தவறினாராம். கிடைத்த உரிமையையும் கேளாமல் விடுவது நம் குற்றம்.

தனித்தமிழ் அன்பர்களாகிய நம்மிடமும் குறை உண்டு. பேருந்து, ஓட்டுநர், நடத்துநர் என்னும் சொற்கள் எவ்வாறு வேரூன்றின? பேருந்திலேயே அவற்றை எழுதிவைத்ததால் ஊன்றின. 'ஓட்டுநர் உரிமம்' இன்று எளிய மக்கள் வாயிலும் வழங்குகிறது. இலங்கையில் நம் உடன்பிறப்புகள் இன்னும் 'சாரதி அனுமதிப்பத்திரம்' என்றே வழங்குவதை நோக்க, நாம் ஒருபடி முன்னேறியிருக்கிறோம். ஆனால் சரக்குந்துப் பட்டறைக்குள் நாம் நுழைந்தோமா? அறையில் அமர்ந்து சொற்பட்டியல் அச்சிட்டோம். நாமக்கல் பட்டறையில் ஒரு நாள் நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டோமில்லை.

கேட்டிருந்தால், அங்கே தமிழ் சாகாமல் இருப்பதைக் கண்டிருப்போம். அச்சு, பட்டை, தொட்டி, கூடு, கொக்கி, அடைக்கட்டை எனப் பழந்தொழிலின் சொற்கள் புதுத்தொழிலில் உயிரோடு இருக்கின்றன. பாரவண்டி ஓட்டிய நம் பாட்டன்மார் குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி, நுகத்தடி என ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் வைத்திருந்தனர். கழகக் காலத்து உமணர் உப்பு வண்டியின் அடியில், அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென மற்றோர் அச்சைக் கட்டிச் சென்றனர். சேமவச்சு என்பது அதன் பெயர். ஔவையார் அதியமான் மகனை அதற்கு ஒப்பிட்டுப் பாடியது புறநானூற்றில் உள்ளது. தகடூரின் அதியமான் மரபு ஆண்ட நிலத்தின் வழியாகத்தான் இன்றும் நம் சரக்குந்துகள் வடக்கே ஏறுகின்றன. அவற்றின் மாற்றுச் சக்கரத்துக்கு நாம் இட்டு வழங்கும் பெயரோ 'இசுடெப்னி'. அது வேல்சு நாட்டின் இலனெல்லி ஊரில், அச்சக்கரத்தைச் செய்துவிற்ற தெருவின் பெயர். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே மாற்றுறுப்புக்குப் பெயர் வைத்த இனம், யாரோ ஒருவர் ஊர்த் தெருப்பெயரைக் கூவிக்கொண்டு அலைகிறது. மாற்றுச் சக்கரம் என்றால் எந்த ஓட்டுநருக்கு விளங்காது?

மொழியின் தேவை உயிரின் தேவை என்பதைத் தொப்பூர்க் கணவாயில் காணலாம். தருமபுரியினின்று சேலம் நோக்கி இறங்கும் அவ்வழியில், எரிநெய் மிச்சமென்று பல்லிணையை விடுவித்துவிட்டு வண்டியைத் தானே உருளவிடும் ஓட்டுநர் உண்டு. சுமை தள்ள, தடையை மேன்மேலும் மிதிக்க, தடை சூடேறிப் பிடிப்பற்றுப் போகிறது. பின்னர் எதிரே உள்ள வண்டிகளே அதற்குத் தடை. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டையூசி வளைவுகள். ஏறும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பது எவ்விடம், எந்தப் பல்லிணையில் ஏறினோமோ அந்தப் பல்லிணையிலேயே இறங்குவது ஏன் என்பனவெல்லாம், பழைய உதவியாளர் தம் ஓட்டுநர் வாயால் தமிழில் கேட்டுக் கற்றவை. உதவியாளர் முறை மறையும் இந்நாளில் அவற்றைத் தமிழில் எழுதிவைக்காவிட்டால், ஒரு தலைமுறையின் பட்டறிவு பள்ளத்தில் விழும்.

முதல் வேலைக்குச் செல்லும் தம்பிமார்க்குச் சில சொற்கள். கற்போர் தேர்வில் தமிழைக் கேட்டு வாங்கு. பதினைந்து மணிப் பயிற்சியில் ஒரு மணியும் குறையவிடாதே. படித்து விளங்காத தாளில் ஒப்பமிடாதே. விளங்கவில்லை என்று சொல்வதில் இழிவில்லை. வண்டியை எடுக்குமுன் பதிவுச் சான்று, காப்பீடு, தகுதிச் சான்று, வழியுரிமம், மாசுச் சான்று ஆகியவற்றின் நாள்களைப் பார். 50,000 உருபாவுக்கு மேற்பட்ட சரக்காயின் அதற்குரிய மின்வழிச் சீட்டு இருக்கிறதா என்று கேள். எடைச்சீட்டைப் பார்க்காமல் புறப்படாதே. மூன்றச்சு வண்டிக்கு 2018-இல் உயர்த்தப்பட்ட வரம்பு சுமையோடு சேர்த்து 28.5 டன். அதற்குமேல் ஏற்றச் சொன்னால், எழுதிக் கொடுக்கச் சொல். 1961-இலேயே மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, கிழமைக்கு நாற்பத்தெட்டு மணி என வேலைக்கு வரம்பு கட்டியது. உறக்கம் கேட்பது சோம்பலன்று, உன் உரிமை என்பதை அதனால் அறி. கண் செருகும்போது வண்டியை ஓரங்கட்டுபவனே நல்ல ஓட்டுநன்.

அரசிடம் நாம் கேட்கவேண்டுவன நான்கு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஓட்டுநர்க்குரிய விதிகளை எளிய தமிழ்நூலாக விலையின்றித் தருக. இடர்ப்பொருள் ஓட்டுநர்க்கு ஆங்கிலம் கட்டாயம் என்னும் விதியை நீக்க நடுவணரசை வலியுறுத்தி, அறிவுரைத்தாளைத் தமிழில் ஆக்குக. தமிழ்நாட்டில் ஓட்டுநரை வேலைக்கமர்த்தும் உடன்படிக்கை தமிழில் இருந்தாலன்றிச் செல்லாது எனச் சட்டம் செய்க. மலைப்பாதை எச்சரிக்கைப் பலகைகளில் தமிழை முதலிலும் பெரிதாகவும் எழுதுக.

நாம் செய்யவேண்டுவது ஒன்று. கொங்கு நாட்டில் நம் அன்பர் இருக்கும் ஊர்தோறும், கிழமைக்கு ஒரு மாலை, சரக்குந்து நிற்கும் திடலுக்குச் சென்று அமருங்கள். அவர்கள் கொண்டுவரும் தாள்களைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் தொழிற்சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாம் கொடுப்பதைவிடப் பெறுவது மிகுதியாக இருக்கும். ஆண்டுக்கு ஒரு மாநாடு கூட்டித் தீர்மானம் இயற்றுவதைக் காட்டிலும், ஓர் ஓட்டுநர் தாம் ஒப்பமிடும் தாளைத் தாமே படித்து ஒப்பமிடச் செய்வது மேலான தமிழ்ப்பணி.

அச்சங்ககிரி இளைஞர் இப்போது கொச்சி வழியில் ஓட்டுகிறார். அண்மையில் பேசியபோது, புதிதாய்ச் சேர்ந்த வேறிருவரும் அதே அரைத்தாள் உடன்படிக்கையைக் கேட்டு வாங்கினர் என்றார். முதலாளியே படியெடுத்து வைத்திருக்கிறாராம். ஒரு சட்டமும் வரவில்லை, ஓர் ஆணையும் வரவில்லை. இருவர் தம் மொழியில் எழுதிக்கொண்டனர், மூன்றாமவரும் நான்காமவரும் கேட்கத் தொடங்கிவிட்டனர். இது பரவவேண்டும்.

வெல்க தமிழ்!